காகிதத்தால் ஒரு வயலின்

2010ஆம் ஆண்டில் எமது வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். இடம்பெயர்ந்து வந்த குடும்பம். தந்தை இல்லை. தாயார் கோயில் வீதிகளிலே கச்சான் விற்றுச் சீவனம் நடத்தினார். பையன் வாரத்தில் இரண்டு நாட்கள் பாடசாலைக்கு வந்தாற் பெரிது. வந்த நாளிலும் புத்தகத்தை விரிக்கமாட்டான். மேசையின் ஓரத்தில் இரு கைவிரல்களாலும் ஓயாது தட்டிக்கொண்டிருப்பான். நாம் புணரியல் விதிகளை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில் அந்த ஓசை எமது பொறுமையைக் கெடுத்துவிட்டது. அவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினோம். பாடவேளை முடியும்வரை ஒரு சொல்லும் பேசாது நின்றான். அவன் இறங்கும்போது பக்கத்திலிருந்த மாணவன், "சேர், அவன் சும்மா தட்டேல்லை. திருவிழாவிலை கேட்ட தவிலை அப்பிடியே தட்டுறவன்" என்றான். நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த தவணையில் அவனுடைய பெயர் இடாப்பிலிருந்து நீங்கிவிட்டது.

அவனை நாம் மறந்தேவிட்டோம் எனலாம். கடல்கள் பல கடந்த வெனிசுவேலா நாட்டிலே வறிய பிள்ளைகளுக்கு வாத்திய இசை பயிற்றும் பேரியக்கம் ஒன்றைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான், வாங்கின்மேல் நின்ற அச்சிறுவன் மீண்டும் எமது மனக்கண்முன் வந்து நின்றான். குற்றமும் போதைப்பொருளும் வாய்திறந்து காத்திருக்கும் தெருக்களில் வளரும் குழந்தைகளை இசையால் மீட்க முடியுமா? இக்கேள்விக்கு அந்நாட்டார் அரை நூற்றாண்டாக விடை தேடிவருகின்றனர். அவ்விடை முற்றிலும் இனிமையானதன்று. ஆயினும் அறிந்துகொள்ளத் தக்கது.

தென் அமெரிக்காவின் வடகரையிலே அமைந்தது வெனிசுவேலா. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மூலமான எரிநெய் அதன் நிலத்தடியிற் பெருகிக் கிடக்கின்றது. தலைநகராகிய கராகஸ் ஒரு பள்ளத்தாக்கில் விரிந்துள்ளது. பள்ளத்தாக்கிலே வானளாவும் மாடங்கள். சுற்றியுள்ள மலைச்சரிவுகளிலே ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய செங்கற் குடிசைகள். நாட்டின் செல்வம் மலையேறிச் செல்லவில்லை. துப்பாக்கிகளோ தாராளமாகச் சென்றன. அக்குடிசைகளிற் பிறந்த சிறுவன் ஒருவனுக்குப் பாடசாலை விட்ட பின் மாலை முழுவதும் தெருவே தஞ்சம்.

இந்நாட்டில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் ஹோசே அன்ரோனியோ அப்ரேயு. பார்க்கிசிமேட்டோ நகரில் இளமையிலே பியானோ பயின்றார், பின்னர் பொருளியல் கற்றுப் பட்டம் பெற்றார், நாடாளுமன்றத்திலும் அமர்ந்தார். கணக்கும் சங்கீதமும் ஒரே மனிதரிடம் குடிகொண்டமை அவருடைய நாட்டின் பேறு என்றே சொல்லவேண்டும். அக்காலத்தில் வெனிசுவேலாவின் பெரிய இசைக்குழுக்களில் ஐரோப்பாவிலிருந்து வந்தோரே பெரும்பாலும் இடம்பெற்றனர். இசைக்கல்லூரிகளிற் பயின்ற உள்நாட்டு இளைஞர்க்கு வாசிக்க மேடை இல்லை. இக்குறையை நீக்க எண்ணிய அப்ரேயு 1975ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் ஒத்திகை ஒன்றுக்கு அழைப்பு விடுத்தார். இடம், கராகஸ் நகரில் மோட்டார் வண்டி நிறுத்தும் ஒரு கராஜ். இசைத்தாள் வைக்கும் தாங்கிகள் ஐம்பதை ஆயத்தம் செய்து, நூறு பேரையேனும் எதிர்பார்த்திருந்தார். வந்தவர்கள் பதினொருவர்.

எம்மைப் போன்ற ஆசிரியர்கள் அந்நிலையில் யாது செய்திருப்போம்? கூட்டத்தை ஒத்திவைத்து, அடுத்த அறிவித்தல் பின்னர் தரப்படும் என்று எழுதி ஒட்டியிருப்போம். அப்ரேயு அப்பதினொருவரையும் இருத்திவைத்து, இக்குழுவை உலகின் தலைசிறந்த குழுக்களுள் ஒன்றாக்கிக் காட்டுவதாக உறுதி கூறினார். நாளுக்கு நாள் ஆட்கள் பெருகினர். ஏப்பிரில் மாதம் 30ஆம் தேதி முதற் கச்சேரி நிகழ்ந்தது. மறு ஆண்டே அவ்விளைஞர்கள் ஸ்கொட்லாந்திலுள்ள அபர்டீன் நகரில் நிகழ்ந்த சர்வதேச இளைஞர் இசைவிழாவிற் கலந்துகொண்டனர். இவ்வியக்கத்தை அந்நாட்டார் 'எல் சிஸ்தேமா' என வழங்குவர். 'அமைப்பு' என்பதே அதன் பொருள். பெயரில் ஒரு கவர்ச்சியும் இல்லை.

இங்கே வாசகர்க்கு ஒன்று விளக்கவேண்டும். எமது சங்கீதம் பெரும்பாலும் ஒருவரை நடுநாயகமாகக் கொண்டது. பாடுபவர் ஒருவர், பக்கவாத்தியம் இருவர் அல்லது மூவர். குரு ஒருவர்க்கு முன்னால் சீடன் ஒருவன் அமர்ந்து ஆண்டுக்கணக்காகப் பயில்வதே எமது மரபு. மேலைத்தேயத்தாரின் ஓர்க்கெஸ்ட்ரா என்பதோ நூறு பேர் சேர்ந்து ஒருமித்து வாசிப்பது. 'பல்லியம்' என்னும் பழஞ்சொல் எமக்கும் உண்டு. நெடும்பல்லியத்தனார் என்னும் சங்கப் புலவரின் பெயரிலே அது பொதிந்து கிடக்கின்றது. சொல் இருந்தும் பொருள் கோயில் வாயிலோடு நின்றுவிட்டது போலும். இப்பல்லியத்தில் இரண்டாம் வயலின் வரிசையில் இருக்கும் சிறுமி தன் பகுதியை மட்டும் அறிந்தாற் போதாது. முன்னிருப்பவன் எங்கே மூச்செடுக்கிறான், பின்னே முழவு எப்போது விழுகிறது என்று காது கொடுத்தபடியே இருக்கவேண்டும். தன் முறை வரும்வரை வாளாவிருக்கவும் கற்கவேண்டும். அப்ரேயு இசையைக் காட்டிலும் இவ்வொழுங்கிலேயே கண்ணாயிருந்தார். ஓர்க்கெஸ்ட்ரா என்பது ஒரு சிறிய சமுதாயம் என்பது அவர் கொள்கை.

ஊர்தோறும் இவ்வியக்கம் நிலையங்களை நிறுவியது. அவற்றுக்கு 'நூக்கிளேயோ', அதாவது கரு என்று பெயர். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் அங்கே வருவர். வாரத்தில் ஐந்து ஆறு நாட்கள், நாளொன்றுக்கு மூன்று நான்கு மணிநேரம். கட்டணம் இல்லை. வாத்தியமும் இரவலாக வழங்கப்படும். தெருவின் ஆபத்து மிகுந்த மாலைப் பொழுது முழுவதையும் இசைக்கூடம் தனதாக்கிக்கொள்ளும் சூழ்ச்சி இது. நல்ல சூழ்ச்சி. வாரம் ஒருமுறை அரைமணிநேரப் பாடம் என்று வைத்திருந்தால் இவ்வியக்கத்தைப் பற்றி நாம் இன்று எழுதிக்கொண்டிருக்கமாட்டோம்.

இன்னுமோர் ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்தது. நான்கு சுரங்கள் அறிந்த பிள்ளை, மூன்று சுரங்கள் அறிந்த பிள்ளைக்கு ஆசிரியன். தனித்தனியே பயின்று தேர்ந்த பின்னரே குழுவில் இடம் என்ற விதியும் இல்லை. வந்த சில வாரங்களிலேயே பிள்ளை குழுவின் கடைசி வரிசையில் அமர்த்தப்படும். ஒரே ஒரு சுரத்தை உரிய இடத்தில் இழுத்தாலும் அது பெரிய இசையின் ஒரு துளியாகிவிடும். வீட்டிலே ஒருவராலும் வேண்டப்படாத பிள்ளைக்கு, 'நீ வராவிட்டால் இவ்விடத்தில் ஓசை குறையும்' என்ற நினைவு எத்துணைப் பெரிதென்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர்.

மிகச் சிறிய பிள்ளைகட்குக் காகித ஓர்க்கெஸ்ட்ரா என்று ஒன்று உண்டு. கராகஸின் லா ரிங்கொனாடா பகுதியில் இது தோன்றியது. மட்டையும் பழைய காகிதக் கூழும் பசையும் கொண்டு பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து ஒரு வயலின் செய்வர். அதில் ஓசை எழாது. ஆனால் வயலினைத் தோளில் எவ்வாறு பொருத்துவது, வில்லை எவ்விதம் பிடிப்பது, வரிசையில் எப்படி அமர்வது, கீழே போடாமல் எவ்வாறு காப்பது என்பன யாவும் அதிலே பழகலாம். சில மாதங்கள் கழித்தே மர வயலின் கைக்கு வரும். மர வயலின் உடைந்தாற் செலவு. இஃது ஒரு சிக்கனம் என்று முதலில் எண்ணினோம். பின்னர் யோசித்தபோது வேறொன்றும் புலப்பட்டது. பகலெல்லாம் கூலிவேலை செய்த தாய், பிள்ளையோடு ஒரு மேசையில் அமர்ந்து கையிற் பசையோடு ஒரு பொருளைச் செய்யும் அந்த ஒரு மணிநேரம் அவ்வீட்டில் அதற்குமுன் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

காவலில் உள்ள சிறார்களையும் இவ்வியக்கம் விட்டுவைக்கவில்லை. ஆயுதமுனையிற் கொள்ளையடித்ததற்காகவும் போதைப்பொருட் குற்றங்களுக்காகவும் ஒன்பது முறை கைதான பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் வரலாறு அந்நாட்டில் நன்கறியப்பட்டது. அரச சிறுவர் இல்லம் ஒன்றில் அவனிடம் ஒரு கிளாரினெற் கொடுக்கப்பட்டது. விலையுயர்ந்த பொருளொன்றைத் தன்னை நம்பி ஒருவர் ஒப்படைத்ததே அவனுக்குப் பெருவியப்பு. துப்பாக்கியைவிட அது கைக்கு இதமாக இருந்ததாக அவன் பின்னர் கூறினான். பிற்காலத்தில் அவனே இசையாசிரியனும் ஆனான். 2007 முதல் வளர்ந்தோர் சிறைகளிலும் வாத்தியக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பார்க்கிசிமேட்டோவில் 1995இல் அங்கக் குறைபாடுடைய பிள்ளைகட்கெனத் தனித்திட்டம் ஒன்று தொடங்கிற்று. அதிலிருந்து பிறந்ததே வெண்கரப் பாடகர் குழு. ஒரு பாதியினர் பாடுவர். காது கேளாத மறுபாதியினர் வெள்ளைக் கையுறை அணிந்து, அதே பாடலைக் கைகளின் அசைவாற் காற்றிலே எழுதுவர்.

இவ்வியக்கத்தின் புகழ்பெற்ற மைந்தர் குஸ்தாவோ டுடமெல். 1981இல் பார்க்கிசிமேட்டோவிற் பிறந்தவர். தந்தையைப் போலத் துரொம்போன் வாசிக்க விரும்பினார், கை எட்டவில்லை. வயலின் பயின்றார். விளையாட்டுப் பொம்மைகளை ஓர்க்கெஸ்ட்ரா போல வரிசையாக அடுக்கி வைத்து, இசைத்தட்டைச் சுழலவிட்டு, அவற்றுக்கு நடத்துநராக நின்று கையசைப்பாராம். அச்சிறுவன் 2009இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பேரிசைக்குழுவின் தலைமையை ஏற்றான். கடைகளிலே பைகளிற் சாமான் அடுக்கிக்கொடுத்துக் குடும்பத்துக்கு உதவிய எடிக்சன் ரூயிஸ் என்னும் சிறுவன், பதினேழாவது வயதிலே பேர்லின் பேரிசைக்குழுவில் இரட்டைத்தந்திப் பேஸ் வாசிக்கச் சென்றான். 2007ஆம் ஆண்டு ஆவணியில் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் டுடமெல் தலைமையில் வெனிசுவேலா இளைஞர் வாசித்தபோது, இறுதியில் மஞ்சள், நீலம், சிவப்பு எனத் தம் கொடியின் நிறம் கொண்ட மேலங்கிகளை அணிந்து, வாத்தியங்களைச் சுழற்றி ஆடிக்கொண்டே இசைத்தனர். கட்டுப்பாடு மிகுந்த அம்மண்டபம் ஆரவாரத்தால் அதிர்ந்தது.

இதுவரை சொன்னவற்றோடு கட்டுரையை முடித்துவிட்டால் எல்லோர்க்கும் மகிழ்ச்சி. ஆனால் உண்மை முழுவதும் உரைப்பதே ஆசிரியனுக்கு அழகு. நூறாயிரக்கணக்கான பிள்ளைகளுள் இருவர் உலகப் புகழ் பெற்றமையால், ஏனையோர் மீட்கப்பட்டனர் என்று கொள்ளலாமா?

இதனை ஆராய்வதற்கு அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கி முன்வந்தது. அது 2007இல் இவ்வியக்கத்துக்கு 15 கோடி டொலர் கடன் அளித்த நிறுவனம். கடன் கொடுத்தவன் கணக்குக் கேட்பது முறைதானே. 16 நிலையங்களில் 6 முதல் 14 வயதுவரையுள்ள 2,914 பிள்ளைகள் தெரிவாயினர். சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுபோல ஒரு சாரார்க்கு 2012 செத்தெம்பரிலும், மறு சாரார்க்கு ஓராண்டு கழித்தும் அனுமதி வழங்கி, இடைப்பட்ட ஓராண்டின் பயனை ஒப்பு நோக்கினர். முடிவுகள் 2016இல் வெளியாயின. இசை பயின்றோரிடம் தன்னடக்கம் சற்றே கூடியிருந்தது. நடத்தைக் கோளாறு சற்றே குறைந்திருந்தது. வன்முறையை நேரிற் கண்ட ஆண்பிள்ளைகளிடத்தும், கல்வி குறைந்த தாய்மாரின் பிள்ளைகளிடத்தும் இப்பயன் கூடுதலாகத் தெரிந்தது. ஏனைய பல அம்சங்களில் முழுத் தொகுதியினரிடையே குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

ஆகவே இசை ஒரு மந்திரக்கோல் அன்று. ஓராண்டில் இவ்வளவே கிடைத்ததென்று கைவிடுவோர் கைவிடலாம். நாம் இருபது ஆண்டுகளாகச் சிறுவர்களோடு மல்லாடுபவர்கள். கோபம் வந்தபோது கையை ஓங்காது ஒரு கணம் தாமதிக்கும் பழக்கம் ஒரு பையனுக்கு ஓராண்டில் வருமாயின், அதனைச் சிறியதென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

அதே ஆய்வு வெளிப்படுத்திய மற்றொரு கணக்குத்தான் எம்மை வருத்தியது. ஆய்விற் சேர்ந்த பிள்ளைகளுள் வறியோர் நூற்றுக்கு 16.7 பேர். அவர்கள் வாழ்ந்த மாநிலங்களிலோ வறியோர் நூற்றுக்கு 46.5 பேர். அதாவது, வறியோர்க்கெனத் திறந்த வாயிலில் வறியோரல்லாதாரே பெரும்பாலும் நுழைந்தனர். இது வெனிசுவேலாவுக்கு மட்டும் உரிய குறையன்று. கட்டணம் இல்லையெனினும், பிள்ளையைக் கூட்டிச் சென்று, காத்திருந்து, கூட்டிவர ஒருவர் வேண்டும். கச்சான் விற்கும் தாய்க்கு மாலை நேரம்தான் வியாபார நேரம்.

ஜெப்ரி பேக்கர் என்னும் ஆங்கிலேய இசை ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட நூலில் இன்னும் கடுமையாகக் கண்டித்தார். நடத்துநரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லாத இக்குழுக்கள் பணிந்து நடக்கும் பழக்கத்தையே வளர்க்கின்றன என்றும், விளம்பரம் உண்மையை விஞ்சி நிற்கிறது என்றும் எழுதினார். 2021இல் சில நிலையங்களிற் பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக் குறித்துப் பாரதூரமான முறைப்பாடுகளும் எழுந்தன. பிள்ளைகள் கூடும் இடம் எதுவாயினும், கோயிலாயினும் கல்லூரியாயினும் இசைக்கூடமாயினும், விழிப்போடு பார்க்கும் கண்கள் வேண்டும். புகழ் பெரிதாக வளர்ந்த இடத்தில் அக்கண்கள் கூசிவிடுதல் இயல்பு.

அரசியலும் தன் பங்கைச் செய்தது. ஆட்சிகள் மாறியபோதும் அரச பணம் தடைப்படாதிருக்க அப்ரேயு ஒரு வழி செய்தார். கலைத்துறைக்குரிய அமைச்சை நாடாது, இளைஞர் நலன், சமூகநலன் சார்ந்த அமைச்சுகளின் நிழலிலேயே இயக்கத்தை நெடுங்காலம் வைத்திருந்தார். ஆனால் அரச பணம் பெறுவோர்க்கு அரசின் நிழலும் கூடவே வரும். 2017இல் நாடு பட்டினியாலும் கிளர்ச்சியாலும் தத்தளித்தபோது, இவ்வியக்கத்தில் வயோலா வாசித்த இளைஞர் ஒருவர் மே மாதம் 3ஆம் தேதி ஆர்ப்பாட்டத்தில் உயிரிழந்தார். அதுகாறும் வாய் திறவாதிருந்த டுடமெல் மறுநாளே வன்முறையைக் கண்டித்து அறிக்கை விடுத்தார். அவ்வாண்டிலேயே அவர் தலைமையில் நிகழவிருந்த இளைஞர் குழுவின் அமெரிக்கப் பயணத்தை அரசாங்கம் நிறுத்திவிட்டது. மறு ஆண்டு பங்குனியில் அப்ரேயு காலமானார். எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டைவிட்டு நீங்கிய அப்பெரும் புலப்பெயர்விலே வயலினைத் தோளிற் சுமந்து சென்றோர் பலர். அயல்நாட்டு நகரங்களின் நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களில் அவர்கள் வாசித்து உண்டனர். புலம்பெயர்வின் வழி அறிந்த எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும் இயக்கம் மாண்டுவிடவில்லை. 2021 கார்த்திகையில் கராகஸ் நகரிலே 8,573 பேர் ஒரே வேளையில் வாசித்து உலக சாதனை நிலைநாட்டினர்.

பணமும் அரசும் இல்லாத இடத்தில் இத்தகைய முயற்சி நடக்குமா என்று கேட்போர் பரகுவே நாட்டைப் பார்க்கலாம். தலைநகராகிய அசுன்சியோன் அருகே கற்றேயுரா என்றொரு குப்பைமேடு. அதைக் கிளறிப் பிழைக்கும் குடும்பங்கள் அதைச் சுற்றிக் குடியிருக்கின்றன. குப்பை மீள்பயன்பாட்டுத் திட்டமொன்றில் வேலைக்குச் சென்ற பாவியோ சாவெஸ் என்பார், 2006இல் அப்பிள்ளைகட்கு இசை பயிற்றத் தொடங்கினார். பிள்ளைகள் பலர், வாத்தியங்கள் சில. குப்பை பொறுக்கும் நிக்கோலாஸ் கோமேஸ் என்னும் தச்சு வேலை அறிந்தவர் துணைவந்தார். எண்ணெய்ப் பீப்பாய் செலோ ஆனது. தகரப் பேணியும் சாப்பாட்டு முள்ளும் வயலின் ஆயின. நீர்க்குழாயிற் போத்தல் மூடிகளையும் பொத்தான்களையும் பொருத்திச் சக்ஸபோன் செய்தனர். நல்ல வயலின் ஒன்றின் விலை அங்குள்ள வீட்டின் விலையைவிட அதிகம். அதைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் களவுபோகும், அல்லது வறுமையால் விற்கப்படும். தகர வயலினை எவரும் திருடார். ஆதலின் பிள்ளை அதை அச்சமின்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகலாம். வறுமையை அறிந்தவர்க்கே தோன்றும் யோசனை இது.

ஸ்கொட்லாந்திலும் 2008 முதல் ஸ்ரேர்லிங் நகரின் றப்ளொக் என்னும் ஏழைக் குடியிருப்பில் இம்முறை நடைபெறுகின்றது. 2012 ஆனியில் டுடமெல்லும் வெனிசுவேலாக் குழுவினரும் அங்கே வந்து, கொட்டும் மழையில் திறந்த வெளியிலே அச்சிறுவர்களோடு மேடையேறினர்.

இவற்றையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் எமது சைக்கிளின் மட்காட் நெளிந்து, ஒரு கராஜுக்குச் செல்ல நேர்ந்தது. உள்ளே ஒருவர் லொறியின் தகரத்தைச் சுத்தியலாற் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார். அத்தட்டலில் ஓர் ஒழுங்கு இருந்தது. அருகே சென்று பார்த்தபோது அவர் எழுந்து சிரித்தார்.

"சேர், என்னைத் தெரியுதோ? வாங்கிலை ஏத்தி விட்டனீங்கள்."

எமக்கு நாக்கு எழவில்லை. அவர் மனத்தில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. தேநீர் வருவித்தார். தமக்கு ஆறு வயதில் ஒரு மகன் உண்டென்றும், அவனும் கண்ட இடமெல்லாம் தட்டுகிறான் என்றும், வகுப்பாசிரியை இரண்டு முறை கடிதம் அனுப்பிவிட்டார் என்றும் சொன்னார். பின்பு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "தவில் பழக்கிற ஆக்கள் இஞ்சை கிட்ட ஆரும் இருக்கினமோ சேர்? காசு கனக்க வாங்குவினமோ?" என்று கேட்டார்.

விசாரித்துச் சொல்வதாகக் கூறி வந்தோம். விசாரித்தும்விட்டோம். இரண்டு மைல் தூரத்தில் முதிய வித்துவான் ஒருவர் இருக்கிறார். காசு வேண்டாம் என்கிறார்; ஆனால் பையன் நாள்தோறும் வரவேண்டுமாம். மாலையில் தகப்பனுக்கு வேலை, தாய்க்குத் தையல். கூட்டிச் செல்ல ஆளில்லை. எமது சைக்கிளின் பின்னாற் கரியர் உண்டு. வருகிற திங்கட்கிழமை தொடங்குவதாக இருக்கிறோம்.